மாத்திரை எடுக்கறேன், ஆனா மனசு விட்டு தமிழ்ல பேச ஆள் இல்ல. சவுத் ஆப்பிரிக்கால ஏதாவது வழி இருக்கா?

மிட்ராண்ட்_மதுரைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க வந்து படிச்சிட்டு போயிருவேன், எழுதினது கிடையாது. பேர் போடலைன்னு தப்பா எடுத்துக்காதீங்க, காரணத்தை கீழ சொல்றேன்.

ஊர் மதுரைப் பக்கம். ஜோகன்னஸ்பர்க் பக்கம் மிட்ராண்ட்ல குடும்பத்தோட இருக்கேன், கான்ட்ராக்ட் வேலை, ஒரு பொண்ணு, ஆறு வயசு. 2021 மே மாசம் ரெண்டாவது அலையில அப்பா போயிட்டாரு. எனக்கு போக முடியல. அண்ணன் ஒரு கையில போனை தூக்கிப் புடிச்சுக்கிட்டு நின்னாரு, நான் இங்க சோபால உக்காந்து பார்த்தேன், நடுவுல நெட்டு கட்டாகி திரும்ப வந்தப்ப எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. அழுகையே வரல. மறுநாள் காலைல லாகின் பண்ணி மீட்டிங்ல உக்காந்தேன். எல்லாரும் சாரி சாரின்னாங்க, தேங்க்யூ தேங்க்யூன்னேன், அவ்ளோதான்.

அதுக்கப்புறம் வருஷக்கணக்குல ஒண்ணும் இல்லாம இருந்து, போன நவம்பர்ல ஒருநாள் என்1 ஹைவே ரோட்டுல ஆலன்டேல் எக்சிட்கிட்ட வரும்போது திடீர்னு நெஞ்சு அடைக்குது, ரெண்டு கையும் மரத்துப் போகுது, மூச்சு உள்ள போகவே மாட்டேங்குது, இன்னிக்கு செத்தேன்னே முடிவு பண்ணிட்டேன். எப்படியோ ஓரம் கட்டி ஆஸ்பத்திரிக்கு போனா ஈசிஜி, ரத்த டெஸ்ட்டு எல்லாம் நார்மல், இது பேனிக் அட்டாக், இதயத்துல ஒண்ணுமில்லைன்னு அனுப்பிட்டாங்க. அன்னிலேருந்து நான் என்1ல ஏறுறதே இல்ல. பழைய பிரிட்டோரியா ரோடு வழியா சுத்திப் போறேன், முக்கா மணி நேரம் கூட ஆகுது.

டாக்டர் பதட்டத்துக்கும் மனச்சோர்வுக்கும் குடுக்கற எஸ்சிட்டாலோபிராம் 10 மில்லிகிராம் மாத்திரை எழுதிக் குடுத்தாரு. 12 நாளாச்சு, ஒரு மாத்தமும் தெரியல, வயிறுதான் கலக்குது, படபடப்பு முன்னைவிட கூடின மாதிரி இருக்கு. நிறுத்திரலாமான்னு தோணுது. சைக்காலஜிஸ்ட்கிட்டயும் அனுப்பினாரு, ரெண்டு தடவை போனேன். நல்ல அம்மா, பொறுமையா கேக்குறாங்க. ஆனா எனக்கு இங்கிலீஷ்ல அது வரவே மாட்டேங்குது. நாள் பூரா இங்கிலீஷ்லதான் வேலை பாக்குறேன், ஆனா ஞாயித்துக்கிழமை அப்பா எனக்கு நல்லெண்ணெ தேச்சு விட்டு கண்ணு எரியுதுன்னு நான் கத்துறப்ப சிரிப்பாரே, அதை இங்கிலீஷ்ல சொன்னா ஏதோ மசாஜ் கதை மாதிரி போகுது. சொல்லி முடிச்சிட்டு எனக்கே வெறுப்பா இருந்துச்சு.

சரி, தமிழ் ஆளுங்ககிட்ட பேசலாம்னா அது அதைவிட பயம். இங்க நம்மாளுக எத்தனை பேரு, எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். இன்னிக்கு ஒருத்தர்கிட்ட சொன்னா நான் வீடு போய்ச் சேர்றதுக்குள்ள மதுரையில அத்தைக்கு தெரிஞ்சிரும், "அவனுக்கு மண்டை கொழம்பிருச்சாம்"னு. பேர் போடாத காரணம் இதான். வீட்டுக்காரிக்கே இன்னும் தெரியாது. சாயங்காலம் பார்க்கிங்ல வண்டியை நிறுத்திட்டு அரைமணி நேரம் உள்ளேயே உக்காந்திருந்து, மூஞ்சியை சரி பண்ணிக்கிட்டுதான் மேல போறேன்.

நானே செஞ்சுக்கற மாதிரி பயிற்சி ஏதாவது இருந்தாலும் சொல்லுங்க, பேசற மாதிரி இடம் இருந்தாலும் சொல்லுங்க.

---

சாட்ஸ்வொர்த்_அக்கா:

தம்பி, முதல்ல ஒண்ணு கேக்குறேன், நேராவே கேக்குறேன். உயிரை விட்டுடலாம்னு எப்பவாவது தோணுதா? கேட்டா இல்லாத நெனப்பு வந்துடும்னு சில பேர் கேக்க மாட்டாங்க, அப்படியெல்லாம் வராது, கேட்டா பாரம்தான் கொஞ்சம் எறங்கும். தோணினா இன்னிக்கே, இப்பவே 0800 567 567 அடிங்க. சாடாக்னு சொல்றோமே, தென்னாப்பிரிக்க மனச்சோர்வு பதட்டக் குழு, அவங்க நம்பர், காசு கிடையாது, நடுராத்திரியிலயும் எடுப்பாங்க. தோணலைன்னாலும் போன்ல சேவ் பண்ணி வைங்க.

நான் டர்பன்ல பொறந்து வளந்தவ, கரும்புத் தோட்டத்துக்கு கப்பல்ல வந்தவங்க வம்சம். தமிழ் எங்க ஆயா மடியில கத்துக்கிட்டது. எனக்கு இப்ப 58 வயசு. 31 வயசுல பைபோலார்னு சொன்னாங்க, மனசு ஒரேயடியா ஏறும், ஒரேயடியா எறங்கும், அந்த நோய். ரெண்டு தடவை ஆஸ்பத்திரியில இருந்திருக்கேன், அதுக்கான லித்தியம் மாத்திரை இன்னும் சாப்பிடறேன், பள்ளிக்கூடத்துல வாத்தியாரா வேலை பாத்து ரிட்டயர் ஆயிட்டேன். இதை இங்க இவ்ளோ சாதாரணமா எழுதறேன் பாருங்க, எழுத வர்றதுக்கு எனக்கு பல வருஷம் ஆச்சு.

எனக்கு வழி காட்டினது சாடாக் குரூப்தான். அதை 1994ல ஆரம்பிச்ச ஜேன் வில்சன் அம்மாவுக்கே உங்களுக்கு வந்த இதே பேனிக் நோய் பல வருஷம் இருந்துச்சு, தனக்கு கிடைக்காதது மத்தவங்களுக்கு கிடைக்கணும்னுதான் ஆரம்பிச்சாங்க. நாடு முழுக்க அவங்க குரூப் இருக்கு, போன் பண்ணி உங்க ஏரியா சொன்னா எது பக்கம்னு சொல்லுவாங்க. குரூப் நடத்தறவங்க பெரும்பாலும் நோயை தாண்டி வந்தவங்க, இல்ல வீட்டுல ஒருத்தரை பாத்துக்கிட்டவங்க. டாக்டர் உக்காந்து கிளாஸ் எடுக்கற இடம் இல்ல அது.

நம்மாளுக காதுக்கு போயிடும்னு சொன்னீங்களே, அதுக்கு என் கதை. முதல் நாள் ஒரு சர்ச் ஹால்ல மீட்டிங், பிளாஸ்டிக் நாற்காலியை வட்டமா போட்டிருக்காங்க, ஓரத்துல தண்ணி கொதிக்குது, ரூய்போஸ் டீ, ஒரு தட்டுல பிஸ்கட். நான் கதவுகிட்ட நிக்கறேன், உள்ள பாத்தா எங்க கோயில்ல ஆடி மாசம் மாரியம்மனுக்கு கஞ்சி காய்ச்சும்போது எனக்கு பக்கத்துல நின்னு கிண்டற அம்மா உக்காந்திருக்காங்க. பதினஞ்சு வருஷ பழக்கம். எனக்கு கால் அப்படியே நின்னுபோச்சு, திரும்பி ஓடிடலாம்னு பாத்தேன். அவங்க மூஞ்சியும் வெளுத்துப்போச்சு. அப்பத்தான் எனக்கு உறைச்சுது, நான் யாரைப் பாத்து பயந்தேனோ அவங்க என்னைப் பாத்து அதே பயம் பயப்படறாங்கன்னு. அவங்க மெல்ல பக்கத்து நாற்காலியில இருந்த பையை எடுத்து மடியில வச்சுக்கிட்டாங்க. நான் போய் உக்காந்தேன். ஒருத்தருக்கொருத்தர் அன்னிக்கு ஒரு வார்த்தை பேசல. இன்னிக்கு வரைக்கும் கோயில்ல எங்க ரெண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. இங்க பேசினது இங்கயே நிக்கணும்ங்கறது அந்த குரூப்ல முதல் விதி, ஒவ்வொரு மீட்டிங்லயும் அதை சொல்லிட்டுதான் ஆரம்பிப்பாங்க.

உங்களுக்கு இங்கிலீஷ்ல வரலைங்கறது நல்லா புரியுது. அந்த சைக்காலஜிஸ்ட்கிட்ட அதையே சொல்லுங்க, "இதை தமிழ்ல சொல்றேன், நீங்க கேட்டுக்கிட்டு மட்டும் இருங்க, அப்புறம் அர்த்தம் சொல்றேன்"னு. நான் அப்படி செஞ்சேன், எங்க ஆயா செத்தப்ப. அவங்களுக்கு ஒரு வார்த்தை புரியல, ஆனா எனக்கு அழுகை வந்துச்சு. அர்த்தம் மெல்ல சொல்லிக்கலாம்.

---

பிரிட்டோரியா_பார்மசி:

ப்ரோ, நான் பார்மசிஸ்ட், அதனால மாத்திரை விஷயம் மட்டும். 12 நாள்ல நிறுத்தாதீங்க ப்ளீஸ். இந்த வகை மாத்திரை முதல் வாரம் ரெண்டு வாரம் வயித்துக் கலக்கம், படபடப்பு கொஞ்சம் கூட்டத்தான் செய்யும், அது வேலை செய்யலைங்கறதுக்கு அடையாளம் இல்ல. நல்லது தெரிய நாலு வாரம், சில பேருக்கு ஆறு வாரம் கூட ஆகும். பாதிப்பேர் சரியா இந்த நேரத்துலதான் விட்டுட்டு "எனக்கு மாத்திரை சேரல"ன்னு வருவாங்க, கவுண்டர்ல நின்னு தினம் பாக்குறேன், வருத்தமா இருக்கும். தாங்க முடியலைன்னா டாக்டருக்கு போன் பண்ணுங்க, டோஸை பாதியாக்கி மெல்ல ஏத்துவாரு. நல்லா ஆனப்புறமும் சட்டுனு விடக்கூடாது, தலை கிறுகிறுப்பு, மண்டைக்குள்ள ஷாக் அடிச்ச மாதிரி எல்லாம் வரும், டாக்டர் சொல்லி படிப்படியாதான் குறைக்கணும். அவசரத்துக்குன்னு தூக்க மாத்திரை வகை ஏதாவது குடுத்திருந்தா அதை தினப்படி ஆக்கிக்காதீங்க, அது பழகிடும். அப்புறம் ஒண்ணு, முதல் சில வாரத்துல மனசு இன்னும் மோசமா இருட்டினா, அக்கா கேட்ட அந்த மாதிரி நெனப்பு வந்தா, அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காம அன்னிக்கே டாக்டரை கூப்பிடுங்க.

பணம் விஷயம் யாருமே சொல்றதில்ல, நான் சொல்றேன். உங்ககிட்ட மெடிக்கல் எய்ட், அதாவது இங்கத்த மருத்துவக் காப்பீட்டு ஸ்கீம் இருந்தா, டாக்டர் உங்களுக்கு மேஜர் டிப்ரெஷன்னு எழுதியிருந்தா அது பி.எம்.பி லிஸ்ட்ல வருது, அதாவது எந்த பிளானா இருந்தாலும் ஸ்கீம் குடுத்தே ஆகணும். வருஷத்துக்கு 3 வாரம் வரைக்கும் ஆஸ்பத்திரி, இல்லன்னா வெளிய இருந்தே 15 தடவை வரைக்கும் தெரபி. இதை தெரியாம ஜனங்க மெடிக்கல் எய்டுல இருக்கற சேவிங்ஸ் கணக்குலேருந்து கட்டி, அது தீந்ததும் தெரபியை நிறுத்திடறாங்க. வெறும் பேனிக் மட்டும்னு எழுதினா அதுல வராது, அதனால ரசீதுல என்ன கோட் போட்டிருக்காருன்னு பாருங்க, டிப்ரெஷனுக்கான எஃப்32 இல்லன்னா எஃப்33ன்னு இருந்தா ஸ்கீமுக்கு போன் பண்ணி பி.எம்.பில சேக்கச் சொல்லி அப்ளை பண்ணுங்க. பொய்யா எழுதச் சொல்லல, உங்களுக்கு ரெண்டுமே இருக்கற மாதிரி தெரியுது, டாக்டர்கிட்ட மனசு விட்டு முழுசா சொன்னாதானே அவர் எழுதுவாரு.

மெடிக்கல் எய்ட் இல்லாதவங்க இதை படிச்சா, பக்கத்து கவர்மென்ட் கிளினிக் போங்க, அங்கேருந்து ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருவாங்க, நேரம் பிடிக்கும், ஆனா நடக்கும். லீவு லெட்டர்லயும் பயப்படாதீங்க, உங்க சம்மதம் இல்லாம டாக்டர் நோய் பேரை அதுல எழுதக்கூடாது.

---

லெனேசியா_பெரியப்பா:

தம்பி நான் வயசானவன், 71. நீங்க எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். உங்க அப்பாவுக்கு கொள்ளி வைக்கற எடத்துல நீங்க நிக்கல, அதுக்கப்புறமாவது ஏதாவது செஞ்சீங்களா? திதி குடுத்தீங்களா? நான் சாமியார் மாதிரி பேச வரல. எங்க அண்ணன் இறந்தப்ப நான் வேலை விட்டு வர முடியல, பல வருஷம் அது உள்ள கிடந்து அரிச்சுது. அப்புறம் ஒரு தைப்பூசத்துக்கு மெல்ரோஸ் கோயில்ல காவடி எடுத்தேன், பத்து நாள் விரதம், கூட அத்தனை ஜனம், உடம்பெல்லாம் மஞ்சத்தண்ணி, அன்னிக்கு அழுதேன் தம்பி, வாய் விட்டு அழுதேன், பக்கத்துல யாரோ முன்பின் தெரியாத பையன் என் தோளை புடிச்சுக்கிட்டே நடந்தான். நீங்களும் வாங்க, முருகன் பாத்துப்பான். மாத்திரை எல்லாம் ஓரளவுக்குத்தான்னு என் அபிப்பிராயம்.

---

சாட்ஸ்வொர்த்_அக்கா:

பெரியப்பா, காவடி பத்தி நீங்க சொன்னது ஒவ்வொண்ணும் உண்மை, நானும் எடுத்திருக்கேன், அந்த அழுகை என்னன்னு எனக்கு தெரியும். ஆனா மாத்திரை ஓரளவுக்குத்தான்னு மட்டும் எழுதாதீங்க, கையெடுத்து கேட்டுக்கறேன். ஒரு வருஷம் விரதத்துக்காக நான் யாருக்கும் சொல்லாம உப்பை விட்டேன், தண்ணியும் கொறைச்சேன், வெயில்ல நடந்தேன். லித்தியம் சாப்பிடறவங்க அப்படி செஞ்சா ரத்தத்துல மருந்து ஏறிடும், விஷமாயிடும். கை நடுங்கி, வாய் குழறி, குடிச்ச மாதிரி தள்ளாடி விழுந்தேன், பாத்தவங்க அம்மன் வந்திருக்குன்னு கும்பிட்டாங்க. ஒரு நர்ஸ் பொண்ணு கூட்டத்துல இருந்ததால பொழைச்சேன். இப்பவும் விரதம் இருக்கேன், காவடிக்கும் புரட்டாசிக்கும், ஆனா மாசம் முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லி, தண்ணி குடிச்சு, உப்பு விடாம. தம்பி மாத்திரை வேற, ஆனா படிக்கற எல்லாருக்கும் சேத்து சொல்றேன். கோயிலுக்கும் போங்க, மாத்திரையும் போடுங்க.

---

லெனேசியா_பெரியப்பா:

சரிம்மா. எனக்கு தெரியாது அது. எழுதினது அப்படியே இருக்கட்டும், உங்க பதிலையும் சேத்து படிக்கட்டும். தம்பி, திதி மட்டும் குடுங்க.

---

கேப்டவுன்_வெயில்:

நான் உங்க வீட்டுக்காரி இடத்துல இருந்தவ, அதனால எழுதறேன். எங்க வீட்டுக்காரர் எட்டு மாசம் மறைச்சாரு. எனக்கு தெரியாதுன்னு நெனச்சாரு. அண்ணா, எங்களுக்கு தெரியும். என்னன்னு தெரியாது, ஏதோன்னு தெரியும். ராத்திரி ரெண்டு மணிக்கு பக்கத்துல ஆள் முழிச்சிருக்கறது தெரியாதா? நான் வேற பொண்ணுன்னு நெனச்சேன், அப்புறம் கடன்னு நெனச்சேன், போனை எடுத்து பாத்தேன், அதுக்கு இன்னிக்கும் வெக்கப்படறேன். அவர் டிப்ரெஷன்னு சொன்ன அன்னிக்கு நான் சந்தோஷத்துல அழுதேன்னு சொன்னா நம்புவீங்களா. பார்க்கிங்ல அரைமணி நேரம் நீங்க உக்காந்திருக்கறது மேல ஜன்னல்லேருந்து தெரியும்.

எங்களுக்கு உதவினது இன்னொண்ணு, பேனிக் வர்ற இடத்தை தவிர்த்தா பயம் வளந்துக்கிட்டே போகும், முதல்ல என்1, அப்புறம் பெரிய ரோடு எல்லாம், கடைசியில கடைக்கே போக முடியாம ஆகும், எங்க வீட்டுல அப்படித்தான் லிப்ட்ல ஆரம்பிச்சு மால் வரைக்கும் போச்சு. தெரபில கொஞ்சம் கொஞ்சமா திரும்பப் போக வச்சாங்க. உங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டு, ஞாயித்துக்கிழமை காலைல ரோடு காலியா இருக்கும்போது வீட்டுக்காரியை பக்கத்துல உக்கார வச்சு, நியூ ரோடுல ஏறி ஆலன்டேல்ல இறங்கிடுங்க, ஒரே ஒரு எக்சிட். வந்தா வரட்டும், பேனிக் பத்து நிமிஷம் போல உச்சத்துக்கு போய் தானா எறங்கும், அதால சாகறதில்ல. மூச்சை இழுக்கறதைப் பத்தி கவலைப்படாம விடறதை மட்டும் நீட்டி விடுங்க, பாயசத்தை ஊதி ஆத்தற மாதிரி. அவர் இதைத்தான் செய்வாரு, குழந்தைகூட இப்ப அப்பா பாயசம் ஊதறாருன்னு சொல்லும்.

தமிழ்ல பேச, சென்னைல சிநேகான்னு ஒரு அமைப்பு, 1986லேருந்து இருக்கு, தற்கொலை தடுப்புக்குன்னு ஆரம்பிச்சது, மனசு தாங்காத யாரும் பேசலாம். 044 2464 0050, முன்னாடி 91 போட்டுக்கங்க. ஐஎஸ்டி காசு ஆகும், அங்க கடிகாரம் நம்மளைவிட மூணரை மணி நேரம் கூட ஓடும், அதையும் பாத்துக்கங்க. அங்க உங்க அத்தையை யாருக்கும் தெரியாது. ஊர்ல அம்மாவோ அண்ணனோ இதே துக்கத்துல இருந்தா அவங்களுக்கு 14416 சொல்லுங்க, டெலி மனஸ், இந்தியாவுக்குள்ள அடிக்கற நம்பர், தமிழ்லயே பேசுவாங்க, காசில்ல. அந்த துக்கம் உங்களுக்கு மட்டும் இருக்காது இல்லையா.

---

மிட்ராண்ட்_மதுரைக்காரன்:

மூணு வாரம் கழிச்சு எழுதறேன், லேட்டுக்கு மன்னிக்கணும். அக்கா, நீங்க கேட்டதுக்கு முதல்ல பதில். செஞ்சுக்கணும்னு தோணல, ஆனா காலைல முழிக்காம இருந்தா நல்லாருக்கும்னு சில நாள் தோணியிருக்கு. அதை டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். சொல்றப்ப குரல் நடுங்குச்சு. அவர் பேனாவை கீழ வச்சிட்டு கேட்டாரு, கோட் மாத்தி எழுதினாரு, ஸ்கீம்ல 15 செஷன் ஓகே ஆயிருச்சு. பார்மசி ப்ரோ, உங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. மாத்திரை விடல, வயித்துக் கலக்கம் நின்னுருச்சு, தூக்கம் பரவாயில்ல.

வீட்டுக்காரிகிட்ட சொன்னேன். வெயில் சிஸ்டர், நீங்க சொன்னது அப்படியே. ஜன்னல்லேருந்து தினம் பாத்திருக்கா. வேலை போயிருச்சு, சொல்லாம மறைக்கறேன்னு நெனச்சு, நாலு மாசமா மளிகைக் காசுல மிச்சம் புடிச்சு ஒரு டப்பால போட்டு வச்சிருக்கா. எடுத்து வந்து என் முன்னாடி வச்சா. எனக்கு அப்பா செத்ததுக்கு வராத அழுகை அந்த டப்பாவைப் பாத்து வந்துச்சு.

ரெண்டு ஞாயித்துக்கிழமை என்1ல போனோம். முதல் வாரம் கை மரத்துச்சு, பாயசம் ஊதினேன், ஆலன்டேல்ல இறங்கி ஓரமா நிப்பாட்டிட்டேன். ரெண்டாவது வாரம் நிப்பாட்டாம வீட்டுக்கு வந்துட்டோம். பெரியப்பா, திதிக்கு நாள் பாத்திருக்கேன்.

சாடாக் குரூப்புக்கும் போன் பண்ணினேன், வர்ற வியாழக்கிழமை முதல் மீட்டிங். கதவு வரைக்கும் போவேன், அதுக்கப்புறம் தெரியல. தமிழ்ல பேசற குரூப் ஒண்ணுமே இல்லையா அக்கா?

---

சாட்ஸ்வொர்த்_அக்கா:

உள்ள போய் உக்காருங்க, முதல் நாள் ஒண்ணும் பேச வேண்டாம், பேர் சொன்னா போதும், அதுவும் இஷ்டம்தான்.

தமிழ் குரூப் எனக்கு தெரிஞ்சு இல்ல. ஆனா புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு சாடாக்லயே ட்ரெயினிங் குடுக்கறாங்க, நான் நேத்து அவங்களுக்கு எழுதியிருக்கேன். அதுவரைக்கும் சும்மா இருக்க வேண்டாம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மூணு மணிக்கு ஒரு கால் போடறேன், ஒரு மணி நேரம், கேமரா வேண்டாம், சொந்தப் பேர் வேண்டாம், ரெக்கார்ட் கிடையாது, இங்க பேசினது இங்கயே. யாரும் யாருக்கும் வைத்தியம் சொல்லக்கூடாது, அவங்கவங்க கதையை மட்டும் சொல்லலாம், சும்மா கேட்டுக்கிட்டு இருந்தாலும் சரி. வேணுங்கறவங்க எனக்கு தனியா மெசேஜ் போடுங்க, லிங்க் அனுப்பறேன். கஞ்சி கிண்டற அம்மாவும் வர்றாங்க, அவங்களை கேட்டுட்டுதான் எழுதறேன்.

---

லெனேசியா_பெரியப்பா:

எனக்கும் லிங்க் அனுப்பும்மா. அண்ணனைப் பத்தி முழுசா நான் யார்கிட்டயும் சொன்னதில்ல.